ஜாமீன்

ஆவணி பிறக்கப் பத்து நாள் இருந்தது.
பசுண்டவுன் ஓடையில் உமி ஊறி
மஞ்சளாய் ஆலையின் கடைசிப் படிவரை ஏறியிருந்தது.
கணக்கறையில் நசேன் மூட்டைகளுக்கு
நம்பர் போட்டுக்கொண்டிருந்தேன்.
லூட்கே துரை வந்தார்.
குடையை மடக்கி மூலையில் சாய்த்தார்.
"உடையப்பா, நேற்று ராத்திரியிலிருந்து நான் உனக்கு எதிரி."
சிரிக்கப் பார்த்தார்.

ஹாம்பர்க் போகும் சாக்குக்குள் கைவிட்டு
நூற்றுக்கு எத்தனை நொய் என்று சொல்லும் விரல்கள்.
பதினோரு வருஷப் பழக்கம்.
எடையில் ஒரு நாளும் வம்பு பண்ணியதில்லை.

எப்படி என்று கேட்டேன்.
எங்கோ ஒரு ஊரில் ஒரு பையன்
ஓர் இளவரசனைச் சுட்டான்.
அதுவரை புரிந்தது.
மீதியை என் தொழில் பாஷையில்தான்
எழுதிக்கொள்ள முடிந்தது:

செர்வியாக்காரன் பட்ட கடனுக்கு ருஷ்யாக்காரன் ஜாமீன்.
ருஷ்யாக்காரனுக்குப் பிரெஞ்சுக்காரன்.
கடனைக் கேட்கிறவனுக்கு
லூட்கே துரையின் ராஜா
வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டு
தொகையை நீயே எழுதிக்கொள் என்று நீட்டியிருந்தான்.
போகிற வழியில் ஒரு குட்டித் தேசத்தின் வாசலை மிதித்தார்கள்;
நம் சக்கரவர்த்தியின் ஆட்கள்
எழுபத்தைந்து வருஷப் பழைய பத்திரம் ஒன்றைப்
பெட்டியிலிருந்து எடுத்தார்கள்.
அசல் எவ்வளவு என்று ஒருத்தனும் கேட்கவில்லை.
கையெழுத்து உன்னுடையதுதானே என்று மட்டும்
ஒருவனை ஒருவன் கேட்டுக்கொண்டான்.

"வேண்டாம் என்று சொல்ல
உங்கள் ஊரில் ஆளே இல்லையா?"

தம்பி இருக்கிறான் என்றார்.
துறைமுகத்தில் சங்கம் வைத்தவன்,
ரொட்டி விலைக்காகத் தடியடி பட்டவன்.
போன கடுதாசியில் எழுதியிருந்தானாம்:
ராஜாவுக்கு எங்களைக் கண்டால் பயம்.
வீட்டுக்குள் தோற்கிறவன்
தெருவில் எவனையாவது பிடித்து அடிப்பான்.

"அப்புறம்?"
"இந்நேரம் அவனும் வரிசையில் நின்றிருப்பான்.
ஊரே பாடும்போது
வாயை மூடிக்கொண்டு நிற்பது லேசில்லை."

ரொம்ப நியாயஸ்தன் போலத் தலையாட்டினேன்.

ஆனி மாதத்திலிருந்து எங்கள் ஆலையிலும் ஒரு தகராறு.
நாளுக்கு இரண்டணா கூட்டிக் கேட்டு
மூட்டை தூக்கும் கொரங்கிகள்
எடைமேடையில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள்.
அப்பலசாமி மேஸ்திரி முன்னால், சுருட்டும் கையுமாக.
முதலாளிக்குத் தூக்கமில்லை.
வட்டிக்கடை ஆள் தினமும் வந்து
தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போவான்.

சண்டை மூண்டது என்று தந்தி வந்த சாயங்காலம்
முதலாளி முகத்தில் நான் பார்த்தது பயமில்லை.
பிள்ளை பிழைத்தது என்று மருத்துவச்சி சொன்னால்
ஒரு முகம் எப்படி ஆகுமோ அப்படி.
கொடி வாங்கிவரச் சொன்னார்.
பெரியதாக.

சக்கரவர்த்திக்கு ஆபத்து வந்த வேளையில்
கூலி கேட்பவன் துரோகி என்று ஒரு நோட்டீசு.
எழுதியது என் கை. தமிழில் ஒன்று, தெலுங்கில் ஒன்று.
எழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்றார் முதலாளி.
பொய் சொல்வானேன், எனக்கும் குளிர்ந்தது.

மறுநாள் விடிகாலையில்
அப்பலசாமி மூட்டைக்குத் தோள் கொடுத்தான்.
கொடியைப் பார்த்தான்.
என் விரலில் இருந்த மையைப் பார்த்தான்.

லூட்கே துரையை அன்று மத்தியானமே
இரண்டு சிப்பாய்கள் கூட்டிப்போனார்கள்,
கைவிலங்கு இல்லாமல், மரியாதையாக.
இப்போது புரட்டாசி.
வெளிக்கடலில் எம்டன் திரிகிறதாம்,
கப்பல்கள் ஆற்றைவிட்டு நகரவில்லை.
நசேன் மூட்டைகளில் வண்டு.
கொரங்கிகளுக்குப் பழைய கூலி, அதிலும் பாதி நாள்.

பேரேட்டில் அவர் பேருக்குப் பற்று
பதினான்கு ரூபாய் மூன்றணா.
வாராக்கடன் என்று சிவப்பு மையில்
தள்ளிவிடச் சொல்கிறார்கள்.
தள்ளுகிறேன், நாளைக்கு.

குடை அதே மூலையில்தான் இருந்தது.
நேற்று நல்ல மழை.
அதை விரித்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன்.